தூரப் போடுறதுக்கு முன்னாடி: ரூம் எடுத்து தங்குற ஸ்டூடண்ட்ஸ் குப்பை, தண்ணி, கரண்ட்ட எப்படி குறைக்கலாம்

எங்க ஊரு தென்காசி பக்கம். அங்க குப்பையில போடுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, "தூரப் போடு"ன்னுதான் சொல்லுவாங்க. பேனா எழுதலையா தூரப் போடு, பழம் அழுகிடுச்சா தூரப் போடு. சென்னைக்கு படிக்க வந்து வேளச்சேரில இன்னும் மூணு பொண்ணுங்களோட ஒரு ரூம் எடுத்து தங்குனதுக்கு அப்புறம்தான் அந்த "தூரம்" எங்க இருக்குன்னு கண்ணால பாத்தேன். எங்க ரூம்ல இருந்து அது நாலஞ்சு கிலோமீட்டர்தான். தொரைப்பாக்கம் போற இருநூறடி ரோட்டுல பஸ்ல போனா ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், தண்ணிக்குள்ள பூநாரையும் கூழைக்கடாவும் நிக்கும், அதே சதுப்ப ஒட்டி பெருங்குடி குப்பைக் கிடங்கு. காத்து இந்தப் பக்கம் அடிச்சா ஜன்னல மூடிட்டுதான் உக்காரணும். வட சென்னை குப்பை கொடுங்கையூருக்குப் போகுது, தென் சென்னை குப்பை இங்க வருது. 2022ல இந்த சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற அங்கீகாரம் கிடைச்சுது, அதே வருஷம் ஏப்ரல்ல அந்தக் கிடங்குல தீப்பிடிச்சு நாள் கணக்கா புகைஞ்சுது. பழைய குப்பைய தோண்டி பிரிச்செடுக்குற வேலைய ஆரம்பிச்சாங்க, ஆனா தினமும் புதுசா அனுப்புறது நாமதான்.

அந்த ரோட்டுல முதல் தடவை போன அன்னைக்கு ராத்திரி எனக்கு சாப்பாடே இறங்கல. நான் காலைல கட்டி வாசல்ல வச்ச கருப்பு கவர் அங்கதான் எங்கயோ கிடக்கும்னு தோணிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷமா எங்க ரூம்ல நாங்க என்னென்ன மாத்தினோம், எது நின்னுச்சு, எது ஒரு வாரத்துல விட்டுப்போச்சுன்னு எழுதுறேன். நீங்களும் ரூம்லயோ ஹாஸ்டல்லயோ இருந்து, கையில காசு கம்மி, இடம் கம்மி, நேரமும் கம்மின்னா இது உங்களுக்குத்தான்.

முதல்ல எதையும் வாங்காதீங்க. இதை ரொம்ப அழுத்தி சொல்றேன், ஏன்னா இந்த எண்ணம் வந்த உடனே எல்லாரும் பண்றது மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, புதுசா ஒரு காட்டன் பை, அழகா ஒரு பாட்டில்னு ஆர்டர் போடுறதுதான், அது ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள மூணு சுத்து பபிள் கவர் போட்டு வந்து இறங்கும். இருக்குற பிளாஸ்டிக் டப்பா உடையுற வரைக்கும் அதையே வச்சுக்கோங்க. பருத்தி விளைய எவ்வளவு தண்ணி வேணும்னு விவசாயம் பாக்குற வீட்டுப் பிள்ளைக்கு சொல்லவே வேண்டாம், ஒரு துணிப்பைய வருஷக்கணக்கா தூக்குனாதான் அதுக்கு நியாயம்.

ஒரு வாரம் எடை போடுங்க

நாங்க முதல்ல பண்ணது இதுதான். ஊருக்குப் போறப்ப பெட்டிய எடை பாக்குற அந்த கொக்கி தராசு ஒண்ணு ரூம்மேட் கிட்ட இருந்துச்சு. ஏழு நாளைக்கு குப்பைய மூணா பிரிச்சு வச்சோம், ஈரம் ஒரு வாளில, காஞ்சது ஒரு பையில, சானிட்டரி பேட் மாதிரி ஐட்டமும் பழைய பேட்டரி, மாத்திரை அட்டையும் தனித்தனி சின்னக் கவர்கள்ல. 2016ல வந்த திடக்கழிவு விதியே வீட்ல குப்பைய மூணா பிரிச்சுதான் குடுக்கணும்னு சொல்லுச்சு, எங்க தெருவுல பாதிப் பேருக்கு இது தெரியாது, எனக்கும் அன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ஏழாவது நாள் தராசுல மாட்டுனப்போ நாலு பேருக்கும் சேத்து ஒன்பது கிலோவுக்கு மேல வந்துச்சு, அதுல ஈரக் குப்பை மட்டும் கிட்டத்தட்ட அஞ்சரை கிலோ. வெங்காயத் தோல், டீத்தூள், வாழைப்பழத் தோல், மிச்ச சோறு. நான் அதுவரைக்கும் பிளாஸ்டிக்தான் பெரிய பிரச்சினைன்னு நினைச்சுட்டு இருந்தேன், ஆனா எடையில பாதிக்கு மேல மண்ணுக்கே திரும்பிப் போகக்கூடிய சாமான். அதை பிளாஸ்டிக் கவர்ல கட்டி அனுப்புறதுதான் வினையே. கிடங்குல மேல மேல கொட்டி அமுங்கிப் போனா காத்து போகாது, காத்தில்லாம அழுகுனா மீத்தேன் வரும், அது நூறு வருஷக் கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைட விட 28 மடங்கு கிட்ட சூட்டைப் பிடிச்சு வைக்கும், அங்க தீப்பிடிக்கிறதுக்கும் அந்த கேஸ் ஒரு காரணம். அதே தோலு காத்துபட மக்குனா உரம். நாங்க முதல்ல கைவச்சது அதுலதான், நீங்களும் அங்கயே ஆரம்பிங்க.

எடை போடாம ஆரம்பிச்சா என்ன ஆகும்னா, கண்ணுக்கு எது பெருசா தெரியுதோ அதுலயே நம்ம சக்தியெல்லாம் போயிடும்.

பெயிண்ட் வாளி உரம்

பால்கனி இல்லாட்டியும் பரவால்ல, மாடிப்படி ஓரம் ஒன்றரை அடி இடம் போதும், வெயில் மழை நேரா படாம இருக்கணும். 20 லிட்டர் பெயிண்ட் வாளி மூடியோட ரெண்டு வேணும். பக்கத்துல எங்கயாச்சும் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறாங்களான்னு பாருங்க, அந்த அண்ணன்கள்ட்ட கேட்டா குடுத்துருவாங்க, எங்களுக்கு ஒண்ணு சும்மா கிடைச்சுது இன்னொண்ணுக்கு ஐம்பது ரூபா. ஹார்டுவேர் கடைல ட்ரில்லிங் மெஷின்ல சுத்தியும் அடியிலயும் ஒரு முப்பது ஓட்டை போட்டுத் தரச் சொல்லுங்க, பென்சில் போற அளவு போதும். வாளிய ரெண்டு செங்கல் மேல வச்சு அடியில ஒரு பழைய தட்டு வைங்க, இல்லேன்னா தண்ணி கசிஞ்சு தரையில கறை பிடிச்சு ஹவுஸ் ஓனர் கிட்ட பேச்சு வாங்கணும்.

அடியில மூணு இஞ்சுக்கு தேங்காய் நார், பிச்சுப் போட்டது. அதுக்கு மேல காஞ்ச இலை. காஞ்ச இலைதான் இந்த வேலையோட உயிர், இது தீந்துபோச்சுன்னா எல்லாமே நாறிடும், அதனால ஒரு சாக்கு நிறைய சேத்து வச்சுட்டுதான் ஆரம்பிக்கணும். எங்க தெருவுல தூங்குமூஞ்சி மரம் ரெண்டு இருக்கு, அதோட இலை பொடிப்பொடியா இருக்கறதால சீக்கிரம் மக்கும், மாவிலை தடிப்பா இருக்கும் மாசக்கணக்கா அப்படியே கிடக்கும், அதைப் போட்டா கையால நொறுக்கிப் போடுங்க. காலைல தெரு கூட்டுற அக்காகிட்ட கேட்டேன், அவங்க கூட்டி வச்ச இலைய அப்படியே என் சாக்குல கொட்டிட்டு "எதுக்கும்மா இது"ன்னு கேட்டாங்க, சொன்னதும் மறுவாரத்துல இருந்து பிளாஸ்டிக் பொறுக்கி எடுத்துட்டு இலைய மட்டும் தனியா ஒரு ஓரமா குவிச்சு வைக்க ஆரம்பிச்சாங்க. அந்த அக்கா இல்லேன்னா எங்க வாளி ஒரு மாசம் கூட ஓடியிருக்காது.

தினமும் ராத்திரி சமையல் முடிஞ்சதும் அன்னைக்குள்ள தோலு, டீத்தூள் எல்லாம் தண்ணிய வடிச்சுட்டு போடுங்க, ஒரு கை ஈரத்துக்கு ரெண்டு கை காஞ்ச இலை, அளவு பாத்து போட்டா போதும் எடை பாக்க வேண்டாம். பெரிய தோலை கத்தியால ரெண்டா மூணா நறுக்கிப் போட்டா வேகமா மக்கும். முதல் தடவை மட்டும் ஒரு டம்ளர் புளிச்ச மோர தண்ணில கலந்து தெளிச்சு விட்டோம், அதுல இருக்குற நுண்ணுயிர் வேலைய ஆரம்பிச்சு வைக்கும், அடுத்த வாளிக்கு பழைய உரமே ரெண்டு கை போட்டா சரி. மூணு நாளைக்கு ஒரு தடவை அடிவரைக்கும் ஒரு குச்சியால கிளறி விடணும். மீன் முள்ளு, கறி எலும்பு, எண்ணெய் குழம்பு போடாதீங்க, எலி வரும். மிச்ச சோறு ஒரு பிடி வரைக்கும் பரவால்ல. எலுமிச்சை தோலு ரொம்ப குவிக்காதீங்க.

ஈரம் சரியா இருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிங்க. புழிஞ்சு காயப்போடுற துணி மாதிரி கை நனையணும், சொட்டுச் சொட்டா ஒழுகக் கூடாது. சொட்டுச்சுன்னா இலை போட்டு கிளறுங்க. எறும்பு வந்துச்சுன்னா உள்ள காஞ்சு கிடக்குன்னு அர்த்தம், ஒரு டம்ளர் தண்ணி தெளிங்க.

எங்களுக்கு மூணாவது வாரத்துல ஒரு நாள் மூடியத் தொறந்தா உள்ள புழுவா நெளியுது. வெள்ளையா, அரிசி மாதிரி, கொஞ்சம் பெருசு பழுப்பா. ஒருத்தி அலறிட்டு இதைத் தூக்கிப் போடு இல்ல நான் ரூம காலி பண்றேன்னுட்டா. எனக்கும் குமட்டிட்டு வந்துச்சு, ஆனா பயாலஜி படிக்கிற ஃப்ரெண்டுகிட்ட வீடியோ கால்ல காட்டுனப்ப அது பெரும்பாலும் கருப்பு சிப்பாய் ஈயோட புழு, கடிக்காது, வீட்டு ஈ மாதிரி சோத்து மேல வந்து உக்காராது, குப்பைய வேகமா தின்னு முடிக்கும்னு சொன்னா. மேல நாலு இஞ்சுக்கு காஞ்ச இலைய கொட்டி, ரெண்டு நாள் ஈரம் எதுவும் போடாம விட்டோம், குறைஞ்சுடுச்சு. அழுகுன வாடை வந்தாலும் இதே வைத்தியம்தான், இலை, கிளறல், ரெண்டு நாள் பொறுமை. இந்த இடத்துலதான் நிறைய பேர் விட்டுடுவாங்க, விட்டுடாதீங்க.

ஒரு வாளி நிறைய எங்களுக்கு ஒன்றரை மாசம் ஆச்சு, ஏன்னா போட்டது அமுங்கி அமுங்கி உள்ள போயிட்டே இருக்கும். நிறைஞ்சதும் மூடி வச்சுட்டு ரெண்டாவது வாளிய ஆரம்பிங்க. முதல் வாளி இன்னும் நாப்பத்தஞ்சுல இருந்து அறுபது நாள்ல கருப்பா பொலபொலன்னு ஆகி மூணுல ஒரு பங்கா இறங்கியிருக்கும். மோந்து பாத்தா வெங்காயமும் இல்ல டீத்தூளும் இல்ல, முத மழைக்கு எங்க ஊரு வயக்காட்டுல வருமே அந்த மண் வாசம். மூணாவது மாடியில ஒரு பெயிண்ட் வாளிக்குள்ள அந்த வாசம் வந்தப்போ எனக்கு நெஞ்சு அடைச்சுது.

கவர், கப்பு, பை

ஈரம் தனியா போனதும் மிச்சக் குப்பை நாறுறது நின்னுடும், அது பெரிய லாபம், ஏன்னா காஞ்ச குப்பைய பொறுமையா வச்சிருந்து காயலான் கடைல போடலாம். பால் கவர எடுத்துக்கோங்க. நாங்க நாளைக்கு ரெண்டு அரை லிட்டர் வாங்குறோம், மாசத்துக்கு அறுபது கவர். கத்தரிக்கோல்ல மூலைய வெட்டும்போது முழுசா துண்டாக்காதீங்க, அந்த முக்கோணத் துண்டு கவர்லயே ஒட்டிட்டு தொங்கணும், தனியா விழுந்தா அந்தக் குட்டித் துண்ட யாராலயும் பொறுக்க முடியாது, கால்வாய்க்குத்தான் போகும். கவர்ல ஒரு வாய் தண்ணி ஊத்தி குலுக்கி அதை டீயிலயே சேத்துருங்க, கவர உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி ஜன்னல் கம்பில கிளிப் போட்டு காய விடுங்க. கழுவாத கவர் ரெண்டே நாள்ல நாறிப் போகும், அப்புறம் யாரும் தொட மாட்டாங்க. காஞ்ச கவர எடைக்கு எடுப்பாங்க, ரூபா கம்மிதான், ஆனா அது மறுபடி பிளாஸ்டிக்காவே ஆகும்.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் ரேப்பர், ஷாம்பூ சாஷே இதெல்லாம் காயலான் கடைல வேண்டாம்னுடுவாங்க. உள்ள பளபளன்னு அலுமினியப் பூச்சு, வெளிய வேற பிளாஸ்டிக், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கும், பிரிக்க முடியாது. இதைக் கழுவி எதுவும் ஆகப்போறதில்ல, வாங்குறதைக் குறைக்கிறது ஒண்ணுதான் வழி. நாங்க பத்து ரூபா பாக்கெட்டுக்கு பதிலா முறுக்கு, காராசேவு, பொரிகடலை தெரு முனை கடைல டப்பா கொண்டுபோய் வாங்குறோம், ஷாம்பூ பெரிய பாட்டிலா வாங்கி நாலு பேரும் பங்கு போட்டுக்கிறோம், சீயக்காய் ஊர்ல இருந்து வரும்.

பேப்பர் கப்பு பத்தி ஒண்ணு செஞ்சு பாருங்க. டீ குடிச்ச கப்ப ராத்திரி முழுக்க ஒரு கிண்ணத்துல தண்ணில ஊற வைங்க, காலைல பேப்பர் கூழா உரிஞ்சு வந்துடும், கையில கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிசு படலம் மிச்சம் நிக்கும். அது பிளாஸ்டிக். பேப்பர்தானேன்னு நானும் ரெண்டு வருஷம் தினமும் ரெண்டு கப் குடிச்சுட்டு தூக்கிப் போட்டவதான். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து தடை பண்ண 14 பொருள்ல இந்த பூச்சு போட்ட கப்பும் இருக்கு, அதே லிஸ்ட்ல துணிப்பைன்னு நாம நினைக்கிற அந்த கலர் கலரான நான்-ஓவன் (நெய்யாத) பையும் இருந்துச்சு. அது துணியே கிடையாது, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா நூல் குறுக்கும் நெடுக்குமா ஓடாது, சின்னச் சின்ன புள்ளியா அழுத்துன அச்சு இருக்கும். கொஞ்ச நாள் போனா தூள் தூளா உதிரும், பொறுக்கக்கூட முடியாது. காலேஜ் ஃபங்ஷன்ல எல்லாம் இதைத்தான் சுற்றுச்சூழல் பைன்னு குடுக்குறாங்க, பாக்குறப்ப எல்லாம் மனசு வலிக்குது.

டீக்கடைல "அண்ணா கிளாஸ்ல குடுங்க"ன்னு சொல்லுங்க, அவ்வளவுதான், எந்த அண்ணனும் மறுத்ததில்ல. பார்சலுக்கு ஒரு சின்ன தூக்குவாளி, அதுதான் எங்க ரூம்ல பெரிய மாத்தம். சாம்பார், சட்னி, குருமான்னு ஒரு நைட்டு இட்லிக்கு நாலு பேருக்கு பன்னெண்டு குட்டிக் கவர் வரும், சூடா ஊத்துனது வேற. இப்ப ஒரு தூக்கு, ஒரு டப்பா. முதல் தடவை நீட்டும்போது கூச்சமா இருந்துச்சு, கடைக்காரர் வாங்கிப் பாத்துட்டு இன்னும் ஒரு கரண்டி சாம்பார் சேத்து ஊத்தினாரு.

பை விஷயத்துல ஒண்ணு மட்டும் சொல்றேன். எடுத்துட்டுப் போகணும்னு நினைப்பு வச்சுக்கிட்டா மறந்துபோகும், எனக்கு ஒரு மாசம் முழுக்க மறந்துச்சு. மஞ்சப்பைய கதவுத் தாழ்ப்பாள்ல மாட்டி விட்டேன், அதை எடுக்காம கதவத் தொறக்க முடியாது. இன்னொண்ணு மடிச்சு காலேஜ் பேக்லயே கிடக்கும். மறக்காம இருக்கணும்னு மனச அடக்குறத விட சாமான் இருக்குற இடத்த மாத்துறது சுலபம், இதைத்தான் நான் ஒன்றரை வருஷத்துல கத்துக்கிட்டது, கீழ தண்ணிக்கும் கரண்டுக்கும் இதேதான் பாருங்க.

மாசாந்திர விஷயத்தையும் சொல்லிடுறேன், பிள்ளைங்க ரூம்ல இதைப் பேசாம குப்பை பத்திப் பேச முடியாது. நாலு பேருக்கு மாசம் நாப்பது பேட் போயிட்டு இருந்துச்சு, ஒவ்வொண்ணும் பிளாஸ்டிக் அடிப்பாகம். நான் மென்ஸ்ட்ருவல் கப்புக்கு (மாதவிடாய் கப்) மாறி ஒரு வருஷம் ஆச்சு, முதல் ரெண்டு மாசம் சரியா வரல அப்புறம் பழகிடுச்சு, ஒரே கப்ப ஒழுங்கா கொதிக்க வச்சு வச்சுக்கிட்டா வருஷக்கணக்கா வரும். இன்னொருத்தி துணி பேட். மத்த ரெண்டு பேருக்கு ஒத்துவரல, அதுல தப்பே இல்ல, யாரையும் கட்டாயப்படுத்தாதீங்க. ஆனா பேட நியூஸ்பேப்பர்ல தனியா சுத்தி மேல சிவப்புப் புள்ளி போட்டு தனியா குடுங்க. அதை வெறுங்கையால பிரிக்கிறது நம்ம அம்மா வயசுல இருக்குற ஒரு அக்கா.

தண்ணி

2019ல நான் ஸ்கூல்ல இருந்தேன், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு கிடந்தத டிவில பாத்தேன், ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ஏத்தி வில்லிவாக்கம் கொண்டுவந்தாங்க. சித்தி அப்ப சென்னைல இருந்தாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு லாரிக்கு குடத்த வரிசையில போடுவாங்களாம். இதைக் கேட்டு வளந்தும் இங்க வந்தப்ப எங்க பாத்ரூம் குழாய் சொட்டிட்டு இருந்துச்சு, நாங்க அதுபாட்டுக்கு விட்டுட்டோம்.

ஒரு நாள் ஒரு லிட்டர் மக்க அடியில வச்சு மொபைல்ல டைம் பாத்தேன், ரெண்டு மணி நேரத்துல நிறைஞ்சுடுச்சு. நாளைக்கு 12 லிட்டர், மாசத்துக்கு 360 லிட்டர், பதினஞ்சு லிட்டர் குடத்துல 24 குடம். அந்த 24 குடம்னு சொன்னதும்தான் எங்க நாலு பேருக்கும் சுருக்குன்னு பட்டுச்சு, சித்தி ஒரு குடத்துக்கு சண்டை போட்டவங்க. பதினஞ்சு ரூபா வாஷர், ஒரு ஸ்பேனர், பத்து நிமிஷ வேலை. மேல மெயின் வால்வ அடைச்சுட்டு கழட்டுங்க.

ஆர்.ஓ. மிஷின் இருந்தா அதோட வேஸ்ட் குழாய ஒரு வாளிக்குள்ள விட்டுப் பாருங்க, எங்களதுல ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் கிட்ட வெளிய போகுது. அந்த வாளிய சிங்க்குக்கு கீழயே நிரந்தரமா வச்சுட்டோம், பாத்ரூமுக்கு ஊத்துறது, வீடு துடைக்கிறது எல்லாம் அதுலதான். செடிக்கு மட்டும் தினமும் ஊத்தாதீங்க, உப்பு அதிகம். செடிக்கு அரிசி கழுவுன தண்ணி இருக்கு. எங்க ஆச்சி வீட்ல கழனித் தண்ணிய கொட்டுனா அது மகா பாவம், மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும், ரூம்ல மாடு இல்ல, துளசியும் கத்தாழையும் இருக்கு.

குளிக்க வாளி. ஷவர் நிமிஷத்துக்கு எட்டு பத்து லிட்டர் போகும், ஒரு வாளி பதினெட்டு லிட்டர்ல முடிஞ்சுடும். இதுக்கு மேல இதைப் பத்தி சொல்ல எதுவும் இல்ல.

கரண்ட்

எங்களுக்கு வீட்டுக்காரங்க தனி மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்குறாங்க, அரசு குடுக்குற இலவச யூனிட் எங்களுக்கு வந்து சேராது. அது தனி வருத்தம். ஆனா அதனாலேயே மீட்டர் ரீடிங்க தினமும் ராத்திரி காலண்டர்ல குறிக்கிற பழக்கம் வந்துச்சு, அதை நீங்களும் ஒரு வாரம் பண்ணுங்க, எந்த நாள் எகிறுதுன்னு பாருங்க. எங்களுக்கு எகிறுனது ஞாயித்துக்கிழமை, அன்னைக்கு வாட்டர் ஹீட்டர் நாலு பேருக்கும் தனித்தனி நேரத்துல ஓடும், அயர்ன் பாக்ஸ் ஓடும்.

ஃபோன் சார்ஜர் மாட்டியே இருக்குன்னு நாம ரொம்ப சண்டை போடுவோம், அது போகுறது ரொம்பக் கொஞ்சம். சூடு பண்றதும் குளிர வைக்கிறதும்தான் கரண்ட்ட தின்னும், இந்த ஒண்ண ஞாபகம் வச்சுக்கோங்க. 2000 வாட் ஹீட்டர் கால் மணி நேரம் ஓடுனா அரை யூனிட். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் உடனே குளிச்சுட்டா ஆறிப்போறத மறுபடி சூடாக்க வேண்டாம், சென்னைல மார்கழி தவிர ஹீட்டரே எதுக்குன்னு நான் கேப்பேன், மொட்டை மாடி டேங்க் தண்ணி மத்தியானம் சூடாத்தான் வருது. அயர்ன் வாரத்துக்கு ஒரு தடவை ஒரே மூச்சுல பண்ணுங்க.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் பக்கம், கரண்ட்ட கம்மியா இழுக்குற புது பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட் பக்கம். நாளைக்கு பன்னெண்டு மணி நேரம் ஓடுனா ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு ஃபேனுக்கு அரை யூனிட்டுக்கு மேல. வாடகை வீட்ல நாம வாங்கி மாட்ட வேண்டியதில்ல, ஆனா ஃபேன் ரிப்பேர் ஆகுறப்ப ஓனர்கிட்ட இந்தக் கணக்க எழுதிக் காட்டுங்க. எங்க ஓனர் ஆன்ட்டி கண்ணாடிய போட்டு ரெண்டு தடவை படிச்சுட்டு ஒண்ணு மாத்துனாங்க. ஏ.சி. இருக்குற ரூம்னா 24க்கு கீழ இறக்காதீங்க, ஒரு டிகிரி ஏத்துனா ஆறு சதவீதம் கிட்ட மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பே சொல்லுது, 24ல வச்சு ஃபேன மெதுவா ஓட விட்டா போர்வை தேவைப்படும்.

ரூம்மேட்டோட எப்படி

இதுதான் எல்லாத்தையும் விட கஷ்டம். முதல் ரெண்டு மாசம் நான் எல்லாரையும் திருத்துறேன்னு கிளம்பி, குப்பைத் தொட்டில இருந்து தப்பா போட்டத எடுத்து மேஜை மேல வச்சு, ஒருத்திய அழ வச்சுட்டேன். அவ அன்னைக்கு இன்டர்னல்ல ஃபெயில் ஆகி வந்திருந்தா. அதுக்கப்புறம் நான் சொல்றத நிறுத்திட்டு செய்யறதுக்கு சுலபமா மாத்தி வைக்க ஆரம்பிச்சேன். ஈர வாளிய சிங்க்குக்கு பக்கத்துலயே, கை நீட்டுனா எட்டுற மாதிரி. காஞ்ச பை கதவுக்குப் பின்னாடி. இலைச் சாக்கு வாளிக்கு ஒட்டி, ஒரு பழைய டம்ளரோட. ஒரு மாசத்துல யாரும் எதுவும் பேசாமலே பழக்கமாச்சு, இப்ப அந்தப் பொண்ணுதான் வாளி கிளறுறதுல கெட்டிக்காரி, நான் பண்ணா சரியில்லன்னு குச்சிய பிடுங்கிக்குவா.

காயலான் கடை காச ஒரு டப்பால போட்டோம். பழைய நோட்டு, அட்டை, பாட்டில், கவர் எல்லாம் சேத்து மூணு மாசத்துல முந்நூத்தி சொச்சம் வந்துச்சு, அன்னைக்கு நாலு பேரும் தூக்குவாளி கொண்டுபோய் பிரியாணி வாங்கி சாப்பிட்டோம்.

லீவுக்கு ஊருக்குப் போறப்ப வாளிய என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஈரம் போடுறத நிறுத்துங்க, அடிவரைக்கும் கிளறி மேல ஒரு ஜாண் உயரத்துக்கு காஞ்ச இலைய கொட்டி மூடுங்க, பத்து பதினஞ்சு நாள் அதுபாட்டுக்கு கிடக்கும். ஃபிரிட்ஜ காலி பண்ணி ப்ளக்க பிடுங்கி கதவ கொஞ்சம் தொறந்து வைங்க, மெயின் குழாய அடைங்க.

போன பொங்கலுக்கு நான் முதல் வாளி உரத்துல ரெண்டு கிலோ மஞ்சப்பையில கட்டி ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். பொதிகை எக்ஸ்பிரஸ்ல மடியிலயே வச்சுக்கிட்டேன், பக்கத்து சீட்டு அம்மா என்னதுன்னு கேட்டாங்க, வெங்காயத் தோலுன்னேன். வீட்டுக்குப் போய் ஆச்சி கையில குடுத்தேன். ஆச்சி பைய அவிழ்த்து ஒரு கை அள்ளி மூக்குகிட்ட கொண்டுபோய் மோந்து பாத்துட்டு, "ஏட்டி, மெட்ராசுலயா இந்த மண்ணு கெடைக்கு?"ன்னா. நாங்க பண்ணதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் பைய உதறி ஒட்டியிருந்ததையும் தட்டி எடுத்துட்டு, "முருங்கைக்கு வேண்டாம், அது தானா வரும். கறிவேப்பிலைக்கு போடு"ன்னுட்டு கூடவே எந்திரிச்சு வந்தா.